மக்காவில் பிறந்த இந்தியத் தலைவர்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1888 நவம்பர் 11 அன்று மக்காவில் பிறந்தார். தந்தையார் மௌலானா கைருத்தீன் இந்தியர். அன்னையார் அரபு நாட்டவர். கல்கத்தாவில் வளர்ந்த ஆசாத், 1912இல் 'அல்ஹிலால்' இதழைத் தொடங்கி விடுதலை வேட்கையை ஊட்டினார். 1923இல், 35 வயது நிறையுமுன்னரே காங்கிரசுத் தலைவரானார். 1940 முதல் 1946 வரை மீண்டும் அப்பொறுப்பை வகித்தார்.

1947 அக்டோபரில், இம்மண்ணிலேயே பிறந்தோர் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறிய வேளையில், தில்லி ஜும்ஆ மஸ்ஜிதில் நின்று, 'செல்லாதீர்கள்' என அவர்களைத் தடுக்க முயன்றவர் மக்காவில் பிறந்த ஆசாத்தே என்பதை நாம் நினைவுகூர்தல் வேண்டும்.

அமெரிக்காவில் அதிபராவதற்குப் பிறப்புவழிக் குடியுரிமை வேண்டும். நம் அரசமைப்புச் சட்டமோ அவ்வாறு வரையறுக்கவில்லை. இந்நாட்டை நிலையான வாழ்விடமாகக் கொண்டவரின் பெற்றோருள் ஒருவர் இங்குப் பிறந்திருப்பினும், அவரை 5ஆம் பிரிவு குடிமகனாக ஏற்றது. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அது கேட்பது குடியுரிமையையே, பிறந்த ஊரையன்று.

அதனாலன்றோ ஆசாத் 1952இல் இராம்பூரிலும் 1957இல் குர்கானிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1958 பிப்ரவரி 22இல் மறையும்வரை கல்வியமைச்சராகத் தொண்டாற்றினார்! ஒருவர் எந்நாட்டவர் என்பதைப் பிறந்த இடம் மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று என்போம்.