ஒரு புள்ளியில் நான்கு கோடுகள்

கரும்பலகையில் ஒரு புள்ளி. கீழிருந்து ஒரு கோடு வந்து அதனைத் தொடுகிறது, அது நியூட்ரான். அப்புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் மேல்நோக்கிப் பிரிகின்றன. அவை புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ. அணுக்கருவில் நிகழும் பீட்டாச் சிதைவை இவ்வாறு எளிமையாக வரைந்து காட்டலாம். துகள்களின் வினைகளைக் கோடுகளால் வரையும் முறையை 1949இல் தந்தவர் ரிச்சர்டு ஃபெயின்மன். ஆனால், நான்கு துகள்களும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்னும் எண்ணம் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே என்ரிகோ ஃபெர்மியின் உள்ளத்தில் உருவானது.

ஃபெர்மி இத்தாலியின் ரோம் நகரில் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பிறந்தார். தந்தை இரயில்வே துறையில் பணியாற்றியவர். அண்ணன் ஜூலியோவே அவருக்கு விளையாட்டுத் தோழர். இருவரும் சேர்ந்து சிறு மின்மோட்டார்களைச் செய்து மகிழ்ந்தனர். 1915இல், தொண்டையில் செய்த சிறிய அறுவை சிகிச்சையின்போது ஜூலியோ இறந்தார். பேச்சுத் துணையை இழந்த சிறுவன் நூல்களில் தஞ்சம் புகுந்தான். சந்தையில் பழைய புத்தகங்களிடையே கிடைத்த இலத்தீன் இயற்பியல் நூலொன்றை முழுவதும் கற்றான். ஃபெர்மி 1922இல் பீசாவில் முனைவர் பட்டமும், சில ஆண்டுகளில் ரோமில் பேராசிரியர் பதவியும் பெற்றார்.

பீட்டாச் சிதைவு அக்கால இயற்பியலாரைப் பெரிதும் குழப்பியது. வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு பகுதி குறைந்தது. கண்ணுக்குப் புலப்படாத துகள் ஒன்று அதனை எடுத்துச் செல்கிறது என 1930இல் பாலி கருதினார். வெளிவரும் எலக்ட்ரான் அதற்கு முன் அணுக்கருவில் எங்கே இருந்தது என்பது மற்றொரு வினா. அது அங்கே இருக்கவேயில்லை என்றார் ஃபெர்மி. விளக்கின் ஒளி முன்கூட்டியே அணுவுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதில்லை. வெளிப்படும் கணத்தில்தான் பிறக்கிறது. அதுபோலவே நியூட்ரான் புரோட்டானாக மாறும் கணத்தில் எலக்ட்ரானும் அதன் துணைத்துகளும் பிறக்கின்றன என்று கணித வடிவில் காட்டினார். இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து அன்று துணிச்சலானது. நேச்சர் இதழ், இது உண்மை உலகிலிருந்து மிகவும் விலகியது எனக் கருதிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1934இல் அது இத்தாலிய, செருமானிய இதழ்களில் வெளிவந்தது.

ஃபெர்மி வருந்தி அமர்ந்துவிடவில்லை. சோதனைக் கூடத்துக்குத் திரும்பினார். வேகம் குறைந்த நியூட்ரான்கள் அணுக்கருவை எளிதில் மாற்றும் என அதே ஆண்டில் கண்டறிந்தார். 1938இல் நோபல் பரிசு கிடைத்தது. மனைவி லாரா யூதர். அவ்வாண்டு இத்தாலி யூதருக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. பரிசு பெறச் சுவீடன் சென்ற குடும்பம் தாயகம் திரும்பாமல் அமெரிக்கா சென்றது. 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் ஃபெர்மியின் குழு முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. 1954 நவம்பர் 28இல், 53ஆம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார்.

அப்புள்ளியில் செயல்படுவது எவ்வகை வினை என்னும் சிக்கல் அவர் காலத்தில் தீரவில்லை. மின்காந்தவியலைப் பின்பற்றி அவர் திசையன் வகையைக் கொண்டிருந்தார். பின்வந்த சோதனைகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ.சி.ஜி. சுதர்சன், அமெரிக்காவில் ராபர்ட் மார்ஷாக்கின் ஆய்வு மாணவராக இருந்தபோது இம்முடிச்சை அவிழ்த்தார். திசையன் வகையோடு அச்சுத் திசையன் வகையும் கலந்துள்ளது என்றும், அதற்கு ஒவ்வாத சோதனைகளே பிழையானவை என்றும் ஆசிரியரும் மாணவரும் கூறினர். அவ்வாறே பின்னர் மெய்ப்பட்டது. எனினும், ஃபெயின்மனும் கெல்மேனும் அதே கொள்கையை 1958 தொடக்கத்தில் ஆய்விதழில் முந்தி வெளியிட்டதால், புகழின் பெரும்பங்கு அவர்களையே சேர்ந்தது. சுதர்சன் கண்ட விடையை 1957 செப்டம்பரில் மார்ஷாக் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்திருந்தார். அம்மாநாடு நடந்தது ஃபெர்மியின் தாயகமான இத்தாலியில், பதுவா நகரில். அவர் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்கவில்லை.