ஆறு புள்ளிகளில் ஒளி தந்த லூயி பிரெயில்

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு மட்டுமன்று. நம்மிடையே யாரை மறந்தோம் என எண்ணிப் பார்க்கும் ஆண்டுமாகும். ஆதலின் பார்வையிழந்த ஒரு சிறுவனின் வரலாற்றை நம் பங்கு மக்களுக்குச் சுருக்கித் தருகிறோம்.

லூயி பிரெயில் 1809 சனவரி 4-ம் நாள் பிரான்சு நாட்டில், பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோல் துளைக்கும் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. அந்தப் புண் மறு கண்ணையும் பாதித்தது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டன.

பார்வையற்ற பிள்ளைக்குப் பிச்சையே பிழைப்பு என்று பலரும் கருதிய காலம் அது. அவ்வூர்ப் பங்குக் குரு பல்லுயி சுவாமி அப்படி எண்ணவில்லை. சிறுவனைத் தம்மிடம் வரவழைத்துப் பாடம் சொன்னார். பின்பு ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷரேயிடம் அவனுக்காகப் பரிந்து பேசினார். ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளோடு அவனை வகுப்பில் அமர்த்தினார். காதால் கேட்டதை மனத்தில் பதித்தே லூயி நன்கு தேறினார்.

1819-ல், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புடைத்த எழுத்துள்ள கனத்த நூல்கள் சில இருந்தன. தடவிப் படிக்க நெடுநேரம் ஆகும். அம்முறையில் தாமே எழுதவோ வழியில்லை. பார்பியே என்ற படை அதிகாரி 12 புள்ளிகளில் ஒரு முறை வகுத்திருந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை 6 புள்ளிகளாக்கி, 1824-ல் தமது 15-ம் வயதிலேயே புதிய எழுத்தை அமைத்தார். 1829-ல் அதை நூலாக வெளியிட்டார். அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிசு ஆலயங்களில் ஆர்கன் வாசித்தார்.

ஆயினும் 1840-ல் பள்ளித் தலைவர் அவ்வெழுத்தை விலக்கினார். மாணவர்களோ மறைவில் பயின்று அதைக் காப்பாற்றினர். காசநோயால் நலிந்த லூயி, 1852 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று இறைவனடி சேர்ந்தார். 1854-ல்தான் பள்ளி அதை முறைப்படி ஏற்றது. 1951-ல் இந்திய மொழிகளுக்குப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. தமிழையும் அந்த ஆறு புள்ளிகளிலேயே படிக்கிறார்கள்.

அந்த ஆறு புள்ளிகளுக்கு முன்னதாக, ஊர்ப் பள்ளியில் கிடைத்த ஓரிடம் இருந்தது என்பதை மறவாதிருப்போம். நம் அடி அண்ணாமலையிலும், கண்ணோ காதோ அறிவு வளர்ச்சியோ குறைந்த பிள்ளையை வெட்கப்பட்டு வீட்டில் நிறுத்தும் பெற்றோர் இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையைப் புதுநன்மை வகுப்பில் சேர்க்க நாமும் ஒரு காலத்தில் தயங்கியதுண்டு. அது நம் பிழையே. பெற்றோரே, ஞானோபதேச வகுப்பில் முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.