ஆறு புள்ளி தந்த லூயி பிரெய்லி



1809 ஜனவரி 4 அன்று, பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் அருகே கூவ்ரே என்ற கிராமத்தில் லூயி பிரெய்லி பிறந்தார். அப்பா குதிரைக்குச் சேணம் தைப்பவர். மூணு வயசில் லூயி, அப்பா பட்டறையில் தோலில் ஓட்டை போடும் குத்தூசியை எடுத்து விளையாடினார். அது நழுவி ஒரு கண்ணில் குத்திவிட்டது.

அடிபட்டது ஒரு கண்தானே, இன்னொன்று எப்படிப் போச்சு? கண்ணுக்குள்ளே ரத்தக் குழாய் நிறைந்த ஒரு படலம் இருக்கு. அதில் காயம் பட்டால், சில பேருக்கு நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே நல்ல கண்ணையும் எதிரி என்று நினைத்துத் தாக்கும். லூயிக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். கண்ணுக்குள் அழற்சி வரும். கண் சிவக்கும், கூசும், மங்கும். நாள்பட்டால் கண்புரை விழும், கண் அழுத்தம் கூடும், விழித்திரை கெடும். இன்று மருந்து இருக்கு. அன்று இல்லை. அஞ்சு வயசில் லூயிக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

ஆனாலும் அப்பா அம்மா அவரை வீட்டில் முடக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1819-ல் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புத்தகங்களில் பெரிய பெரிய மேடான எழுத்துகள். தடவிப் படிக்க ரொம்ப நேரம் ஆகும், எழுதவும் முடியாது. சார்லஸ் பார்பியர் என்ற ராணுவ அதிகாரி 12 புள்ளி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறு புள்ளியாகக் குறைத்தார். 1824-ல் அதை முடித்தபோது அவருக்கு 15 வயசு. நம்மைவிட ஒரு வயசுதான் பெரியவர்! ஆறு புள்ளியில் 63 வடிவங்கள் வரும். கண்ணைக் குத்தியது போன்ற கூர்முனைக் கருவியால்தான் அன்று அதை எழுதினார்கள்.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1852 ஜனவரி 6-ல் காசநோயால் இறந்தார். அவர் முறையை அந்தப் பள்ளி முழுசாக ஏற்றது 1854-ல்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளியில் படிக்கிறார்கள்.

போன மாசம் எங்க வகுப்பில் இரண்டு பேர் காம்பஸ் முள்ளால் குத்தி விளையாடினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டுப் பார்த்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பு கஷ்டமா இருந்தது. நண்பர்களே, கண்ணில் அடிபட்டால் கசக்காதீங்க, தாய்ப்பாலோ எண்ணெயோ விடாதீங்க. அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க. மாதங்கள் கழித்து மறு கண் சிவந்தாலும் மங்கினாலும் உடனே காட்டுங்க. திட்டுவாங்கன்னு பயந்து வீட்டில் மறைக்காதீங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி