ஊதியப் பட்டியலில் இல்லாத அறிவியலாளர்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்பவரின் உடல், வியர்வையாக நீரை இழக்கிறது. ரத்தம் சற்றே அடர்த்தியாகிறது. உடனே மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸின் சில நரம்பு செல்கள், வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் கலக்கின்றன. அது சிறுநீரகத்தை அடைந்து, நீர் வீணாகாமல் காக்கிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் இறங்கச் செய்யும் ஆக்சிடோசினும் இத்தகைய செல்களில்தான் உருவாகிறது.

நரம்பு செல்லே ஹார்மோன் சுரக்கும் என்பதை ஒரு காலத்தில் அறிவியல் உலகம் ஏற்கவில்லை. செய்தி கடத்துவது நரம்பின் வேலை. சுரப்பது சுரப்பியின் வேலை என்றே கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியவர்களில் ஒருவர் பெர்டா ஷாரர்.

1906-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்த பெர்டா, தேனீ ஆய்வுக்குப் புகழ்பெற்ற கார்ல் வான் ஃபிரிஷிடம் பயின்று 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடன் பயின்ற எர்ன்ஸ்ட் ஷாரர், மீனின் மூளையில் சுரப்பி போலத் தோன்றும் நரம்பு செல்களை 1928-இல் கண்டறிந்திருந்தார். அவை அழியும் செல்களின் அடையாளமே என்று பலர் ஒதுக்கினர்.

1934-இல் இருவரும் மணம் புரிந்தனர். முதுகெலும்புள்ள உயிரினங்கள் கணவருக்கு, முதுகெலும்பற்றவை மனைவிக்கு என ஆய்வைப் பகிர்ந்துகொண்டனர். நாஜி ஆட்சியை ஏற்க மனமின்றி, 1937-இல் அமெரிக்கா சென்றனர்.

அங்கே கணவருக்குப் பதவி கிடைத்தது. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறக் கூடாது என்ற அக்கால வழக்கம் பெர்டாவுக்குக் கதவடைத்தது. சிகாகோ, நியூயார்க், கிளீவ்லேண்ட், டென்வர் என ஊர்கள் மாறின. நிலையான ஊதியப் பணியிடம் மட்டும் வாய்க்கவில்லை. ஆய்வு விலங்குகள் வாங்கப் பணமில்லாததால், செலவின்றிக் கிடைத்த கரப்பான் பூச்சியை அவர் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பூச்சியே விடை தந்தது. மூளையிலிருந்து செல்லும் நரம்பை அவர் துண்டித்தபோது, சுரப்புப் பொருள் மூளைப் பக்கமாகத் தேங்கியது, மறுபக்கத்தில் குறைந்தது. கால்வாயை அடைத்தால் மேற்புறத்தில் நீர் தேங்குவதைப் போன்றதே இது. பொருள் உருவாகும் இடம் மூளையின் நரம்பு செல்தான் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இன்று அதன் முழு வழியும் தெளிவாகியுள்ளது. செல்லின் உடற்பகுதியில் உருவாகும் ஹார்மோன் நுண்பைகளில் அடைக்கப்பட்டு, நீண்ட நரம்பிழை வழியே முனைக்குச் சென்று காத்திருக்கிறது. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைய, பைகள் செல் சவ்வோடு இணைந்து திறந்து ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. மனிதனில் அந்த முனை, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி. 1950-களிலேயே கேரளத்தில் கே.கே. நாயர், பூச்சிகளில் இத்தகைய செல்களை ஆராய்ந்தார்.

1955-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி பெர்டாவுக்கு ஊதியத்துடன் பேராசிரியர் பதவி அளித்தது. அப்போது அவருக்கு வயது 48. 1965-இல் கணவர் கடலில் மூழ்கி இறந்த பின்னும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். 1967-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினரானார். பின்னர் அந்நாட்டின் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார். 1995-இல் மறைந்தார்.

பணமின்றியும் சாதிக்கலாம் என்பதற்கு இவரை எடுத்துக்காட்டாகச் சொல்வது பிழை. ஊதியம் பெறாத உழைப்பைத் தேசிய வருமானக் கணக்கு பெரும்பாலும் காண்பதில்லை எனப் பொருளியல் மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். பெர்டாவின் இருபதாண்டு உழைப்பும் எந்தப் பல்கலைக்கழகத்தின் ஊதியக் கணக்கிலும் முறையாக இடம்பெறவில்லை. வீட்டில் கணவரின் ஊதியம் இருந்ததால் அவர் தாக்குப்பிடித்தார். அந்த ஆதரவும் இன்றி ஆய்வைக் கைவிட்டவர்கள் எத்தனை பேரோ?

திருமணம், மகப்பேறு, பணியிட மாற்றம் எனப் பல காரணங்களால் நம் முனைவர் பட்டதாரிப் பெண்கள் பலர் இன்றும் ஆய்வகத்துக்கு வெளியே நிற்கின்றனர். அவர்கள் மீண்டும் வர, நிலையான பணியும் உரிய ஊதியமும் தருவதே அரசும் பல்கலைக்கழகங்களும் பெர்டாவின் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம்.