பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர்

சபைக்குத் தலைவராயிருக்க விரும்புவோர் பலர். சபைக்கு உழைக்க விரும்புவோர் சிலரே. அச்சிலருள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பாலவனத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் 1867 ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் பொன்னுச்சாமித் தேவரும் புலவரைப் புரந்தவரே. ஒருகாற் பிரசங்கஞ் செய்தற்பொருட்டு மதுரை சென்ற தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் பார்வைக்கு வேண்ட, அந்நகரில் அவை கிடைத்தில என்பர். சங்கமிருந்த நகரின் நிலை இஃதாயிற்று! பிறராயின் வருந்தி வாளாவிருப்பர். இவரோ 1901 செப்டெம்பர் 14 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தாபித்துத் தாமே அதன் தலைவராயினார். உறவினராகிய பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். கலாசாலை, புத்தகசாலை, அச்சியந்திரசாலை, பரீட்சை என்பன ஒவ்வொன்றாய்த் தோன்றின.

நாம் பெரிதும் வியப்பது அவர் கொடுத்த பொருளையன்று. பொருள் கொடுத்தும், பணியை அதற்குரியாரிடமே ஒப்புவித்த பெற்றியை. சைவ மஞ்சரி திரட்டிய சைவராகிய அவர், 1902 இல் தொடங்கிய செந்தமிழ்ப் பத்திரிகையை வைணவராகிய ரா. இராகவையங்கார் கையிற் கொடுத்தார். நமது சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரும் அதில் எழுதினார். சென்னையிற் பள்ளிக்கூடத் தமிழாசிரியராயிருந்த சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, தேவருதவியால் 1910 இல் அச்சேறியது. நம்மனையார் ஒருவரது உழைப்பு ஏட்டோடழியாது தப்பியதன்றோ!

1911 டிசெம்பர் 2 இல், நாற்பத்துநான்காம் பிராயத்தில், தேவர் தேகவியோகமாயினார். சங்கம் அவரோடு மாயவில்லை; அதன் செந்தமிழ்க் கல்லூரி மதுரையில் இன்றும் நடைபெறுகின்றது.