ஆசானின் சமன்பாட்டைச் சோதித்த எலியேசர்

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர் (1918–2001), கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவரானார். மின்னேற்றமுள்ள துகள் வேகம் மாறும்போது கதிர்வீசிச் சக்தியை இழக்கும். அந்த இழப்பு துகளின் பாதையை எப்படி மாற்றும் என்பதே அவர் கேள்வி. புரோத்தனை நோக்கி நேரே விழும் இலத்திரன், டிராக்கின் சமன்பாட்டின்படி, அதை அடையாமலே திரும்பி ஓடும் என 1943இல் காட்டினார். ஆசானின் கணக்கிலிருந்த சிக்கல் வெளிப்பட்டது. 1948இல் தானே மாற்றுச் சமன்பாடொன்றை முன்வைத்தார். செறிந்த லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி நகரும் என்று கணினியில் கணிப்போர் இன்றும் அதை எடுத்தாளுகின்றனர்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1958 இனக்கலவரத்துக்கு அடுத்த ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகம் சென்றார், 1968இல் மெல்பேர்ண். 1983 யூலைக்குப் பின் அங்கிருந்தே ஈழத்தமிழருக்காகக் குரல்கொடுத்தார்.

ஆரையம்பதியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.