சைக்கிள் கடையிலிருந்து வானுக்கு

ஆகாய விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் ரைட் சகோதரர்களே. 1903இல் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தில் சக்கரமே இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்டவாளம் ஒன்றின்மேல் ஓடி எழும்பி, சறுக்குக் கட்டைகளின்மேல் வந்து இறங்கியது அது. விமானத்தை மூன்று சக்கரங்களில் நிறுத்திய கிளென் கர்ட்டிஸின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

1878ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தங்கை ரூத்தாவோ மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தாள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சைக்கிளில் தந்தி கொண்டு கொடுத்தார், பிறகு சைக்கிள் கடை வைத்தார், மோட்டார் சைக்கிள் செய்தார். 1907இல் புளோரிடா கடற்கரையில் தம் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகத்தில் பறந்தார்!

அவ்வாண்டே தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அவரைத் தம் விமானக் குழுவில் சேர்த்துக்கொண்டார். குழுவிற்குப் பணம் கொடுத்தவர் பெல்லின் மனைவி மேபெல். அவரும் காது கேளாதவர். ரூத்தாவின் அண்ணனுக்கு அந்த அம்மையாரைக் கண்டபோது என்ன தோன்றியிருக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

குழுவின் முதல் விமானம் 1908 மார்ச்சில், உறைந்த ஏரியின்மேல் சறுக்கி எழும்பியது. பனி உருகிய பின் என்ன செய்வது? அடுத்ததற்குச் சக்கரங்கள் வந்தன. ஜூலை 4ஆம் நாள் கர்ட்டிஸ் 'ஜூன் பக்' விமானத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்து பரிசுக்கோப்பையை வென்றார். தண்டவாளத்தின் உதவியின்றித் தானே தரையிலிருந்து எழ வேண்டும் என்பது போட்டியின் விதி. ரைட் சகோதரர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை.

கர்ட்டிஸின் விமானங்களில் முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. இதன் சிறப்பு தரையில் ஓடும்போது விளங்கும். வாலில் சக்கரமுள்ள விமானத்தில் பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சற்றே கோணினாலும் வால் சுழன்று முன்னே வரப் பார்க்கும். முன்சக்கர விமானத்தில் பாரம் பின்னிரு சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அது தானே நேராகிவிடும். மாதிரி விமானம் விடப் பழகுவோருக்கும் இதுவே எளிது. ஆனால் புல்தரையில் முன்சக்கரம் சிக்கி வளைந்துவிடும். அங்கே வால்சக்கரமே மேல்.

மாணவர்களுக்கு அவர் கற்பித்த முறை நமக்கு மிகவும் பிடித்தது. விமானம் எழும்பாதபடி எஞ்சினின் வேகத்தைத் தடுத்துவிட்டு, முதலில் தரையில் ஓட்டிப் பழகச் சொல்வார். 1910 செப்டம்பரில் பிளான்ச் ஸ்காட் என்ற பெண் அப்படி ஓட்டுகையில் விமானம் நாற்பதடி உயரம் எழும்பிவிட்டது. அவர் பத்திரமாக இறங்கினார். தனியாக விமானம் ஓட்டிய முதல் அமெரிக்கப் பெண் அவரே என்பர் பலர்.

காப்புரிமைக்காக ரைட் சகோதரர்கள் தொடுத்த வழக்கில் 1914இல் கர்ட்டிஸ் தோற்றார். எல்லா நியாயமும் அவர் பக்கமே என்று நாம் சொல்ல மாட்டோம். இதற்கிடையே, 1911இலேயே, நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தைச் செய்து, அதன் சக்கரங்களை மேலே தூக்கிக்கொள்ளவும் வழி செய்திருந்தார்.

1930 ஜூலை 23ஆம் நாள், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின், தம் 52ஆம் வயதில் காலமானார். ஹாமண்ட்ஸ்போர்ட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.